ஜென் காரில் எஸ்டீம் இன்ஜின்: முன்சக்கரம் சுத்தினதும் அதை நிறுத்தினதும்

இன்ஜின் மாத்தினது பெரிய வேலையே இல்லை. பழைய கார்புரேட்டர் மாருதி ஜென்னின் 993 சிசியும் மாருதி எஸ்டீமின் 1298 சிசியும் சுசுகியின் ஒரே ஜி வரிசை இன்ஜின்கள். சென்னை புதுப்பேட்டையில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜோடியாகக் கிடைத்தது, காட்பாடி ஷெட்டில் வண்டிக்குள் இறக்கினார்கள், ஸ்டார்ட் ஆனது. தலைவலி அதற்கப்புறம்தான். 50 குதிரைத் திறன் இருந்த இடத்தில் 85. ரயில்வே மேம்பாலம் ஏறும்போது முன்னால் பஸ் நின்று, மறுபடி கிளட்சை விட்டால் கார் நகராது, சக்கரம் மட்டும் கீச்சென்று சுத்தும். லேசாகத் தூறினால் கேட்கவே வேண்டாம், இரண்டாவது கியரிலும் சுத்தும். கூடவே முன்பக்கம் 'டொக் டொக் டொக்' என்று குதிக்கும்.

ஷெட்டில் சொன்னால், "பவர் ஏத்தினா அப்படித்தான் இருக்கும், தம்பி. டிக்கில ரெண்டு அரிசி மூட்டை போட்டுப் பாரு" என்றார் ஷெட் அண்ணன். வாழ்நாள் முழுக்க அம்பாசடர் பார்த்தவர், அவருக்கு அது சரி. அம்பாசடரில் பின்சக்கரம் தள்ளும். ஜென்னில் முன்சக்கரம் இழுக்கிறது. வேகமெடுக்கும்போது பாரம் தானாகவே பின்னால் சாய்ந்து முன்சக்கரத்தின் பிடி குறையும், இதில் டிக்கியில் மூட்டை ஏற்றினால் மூக்கு இன்னும் தூக்கும். வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, டிக்கியில் இருந்த சப்வூஃபர் பெட்டியைக் கழற்றினது. என் தம்பிக்கு இன்னும் கோபம்.

அடுத்த யோசனை அதைவிட ஆபத்து. "ஸ்டெபிலைசர் பாரைக் கழட்டிடலாம், முன்னாடி ரெண்டு சக்கரமும் நல்லா தரையில உக்காரும்." வளைவில் வண்டி சாயாமல் இருக்க இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பிதான் இந்தப் பார். சில கார்களில் இந்த யோசனை எடுபடும். ஜென், மாருதி 800, பழைய ஆல்டோ வைத்திருப்பவர்கள் காதில் வாங்கவே வாங்காதீர்கள். இந்த வண்டிகளில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழேயிருந்து பிடிக்கும் கை) முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பார்தான். கழற்றிவிட்டு பிரேக் போட்டால் சக்கரம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. டிஃபரன்ஷியலை, அதாவது திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுத்த விடும் கியரை, வெல்டிங் வைத்துப் பூட்டிவிடலாம் என்று ஒரு லேத்துக்காரர் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அதைச் செய்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஷெட்டின் பிடிவாதத்தில் சக்கர அலைன்மென்ட்டும் செய்தோம். கம்ப்யூட்டர் தாளில் எல்லாம் பச்சை. சக்கரம் சுத்துவது மட்டும் நிற்கவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது வேலூர் கொணவட்டத்தில் ஒரு மெக்கானிக் பாய். காரை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்கும் போடச் சொல்லி, முதல் கியரில் கிளட்சைத் துளி விடச் சொன்னார். அவர் நின்றது பக்கவாட்டில். இந்தச் சோதனையில் காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் எம்பியது. ரிவர்ஸில் இன்னொரு பக்கம் எம்பியது. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷில் (ரப்பர் வளையத்தில்) கம்பியைக் கொடுத்து நெம்பினால், ஆர்ம் தாராளமாக ஆடுகிறது. "சக்கரம் முன்னால பின்னால ஓடுது, பிடிக்குது, விடுது. அதான் குதிக்குது. புஷ் இப்படி இருக்கச்சே அலைன்மென்ட் பண்ணி இன்னா பிரயோஜனம்?" என்றார். இன்ஜினை இறக்கும்போதே, கையோடு பார்த்திருக்க வேண்டிய ரப்பர்கள். ஷெட்டில் பழசையே மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மவுண்டிங், பார் புஷ், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டோம். ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். நான் சொல்லாமலே பாய் இதைச் செய்தார், அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தளர்ந்துபோன பின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றியதில் கிளம்பும்போது பின்பக்கம் அமுங்குவது குறைந்தது. அதன் பிறகு அலைன்மென்ட். குதிப்பு அன்றே போனது.

டயர் மிச்சம். கம்பெனி அளவு 145/70 ஆர்13. 165/65 ஆர்13 போட்டால் விட்டம் 2 சதவீதம் போலத்தான் கூடும், ஸ்பீடோ மீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. கடையில் "புது ஸ்டாக் சார்" என்று உருட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம். எனக்கு நீட்டிய ஜோடிக்கு நாலு வயது. டயரில் கட்டை தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும், நமக்கு வேண்டியதோ ரப்பரின் பிடி. எண்ணைக் காட்டியதும் கடைக்காரர் முகம் மாறியது. "சார் வண்டி ஃபீல்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளேயிருந்து அந்த வருடத்து ஜோடியை எடுத்து வந்தார், விலை அதேதான். காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்று பத்துப் பவுண்டு இறக்குகிறவர்கள் வேலூர் வெயிலில் நெடுஞ்சாலை ஏறாமல் இருப்பது நல்லது, டயர் சூடேறி வெடிக்கும். நான் கம்பெனி சொன்ன அளவிலேயே வைத்திருக்கிறேன்.

இனி செய்யப் போகிறவர்களுக்கு: இன்ஜினோடு அதன் கியர்பாக்ஸையும் வாங்குங்கள். சின்ன இன்ஜினுக்கான கியரில் பெரிய இன்ஜினைக் கட்டினால் சக்கரத்துக்குப் போகும் விசை இன்னும் பெருகும். ஆர்.சி. விஷயத்தை இன்ஜினை இறக்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதில் கறாரானது. இன்சூரன்ஸும் அதைப் பொறுத்துத்தான்.

மேம்பாலத்தில் இப்போது பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கிளம்பினாலும் சத்தமில்லை. ஏலகிரியின் 14 வளைவுகளில் மட்டும், பாரியோ கபிலரோ எந்தப் பெயர் போட்ட வளைவானாலும், மிதித்தால் உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் சுத்தும். பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது, சாதா டிஃபரன்ஷியல் விசையைப் பிடியில்லாத பக்கம் வீணாக்குகிறது. அதற்கு, ஒரு சக்கரம் மட்டும் சுத்துவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வேண்டும். விலை கேட்டேன். வளைவு முடிந்த பிறகு மிதிக்கப் பழகிக்கொண்டேன்.