மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகத்துக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு சட்டம்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய கடலோர நாட்டுக்கு மீன்வளச் சட்டத்தின் துறைமுகப் பகுதியை எழுதிக் கொடுத்த குழுவில் நானும் இருந்தேன். காரைக்குடி வீட்டிலிருந்தே வேலை. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. அப்பச்சி சாப்பிட்டுவிட்டுச் சாயும் நேரத்தில் எங்கள் கூட்டம் தொடங்கும்.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2009இல் கொண்டுவந்து, 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்த துறைமுக அரசு நடவடிக்கைகள் ஒப்பந்தம்தான் இந்தச் சட்டத்துக்கு அடிப்படை. திருட்டு மீன்பிடிப்பைத் தடுப்பதற்கென்றே வந்த, நாடுகளைக் கட்டுப்படுத்தும் முதல் உலக உடன்படிக்கை அது. நடுக்கடலில் கப்பலைத் துரத்த ரோந்துப் படகு வேண்டும், டீசல் வேண்டும். வசதியில்லாத நாட்டில் இரண்டுமே பற்றாக்குறை. ஆனால் பிடித்த மீனை எங்காவது இறக்கித்தானே ஆக வேண்டும்? அங்கே மடக்கு என்கிறது ஒப்பந்தம். வெளிநாட்டுக் கப்பல் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். திருட்டு மீன் என்பதற்குப் போதிய ஆதாரம் இருந்தால் நுழைவை மறுக்க வேண்டும், அல்லது சோதனைக்காக மட்டும் உள்ளே விடலாம்.

ஒப்பந்தத்தில் சேர்வது அரசு மட்டத்து முடிவு. அது துறைமுகத்தில் நிற்கும் ஓர் ஆய்வாளரின் கையில் அதிகாரமாக வந்து சேர வேண்டுமே, அங்கேதான் எங்கள் பாடு. எங்களுக்கு முன்னால் ஓர் ஆலோசனை நிறுவனம் கொடுத்திருந்த வரைவில் ஒப்பந்த வாசகங்கள் அப்படியே இருந்தன. 'கப்பலின் தொடர்புடைய எல்லாப் பகுதிகளையும் ஆய்வு செய்ய வேண்டும்' என்று ஒரு வரி. எப்படி, யார் செலவில், எவ்வளவு நேரம் என்று ஒன்றும் இல்லை.

அந்த வரியை வைத்துக்கொண்டு அறந்தாங்கி வழியாக ஜெகதாப்பட்டினம் போனேன். விசைப்படகுகள் கரை திரும்பியிருந்தன. தெரிந்த படகு டிரைவர் அண்ணன் ஒருவரிடம், "மீனை மறைக்கணும்னா எங்கண்ணே மறைப்பீங்க?" என்று கேட்டேன். "மேல உள்ள பெட்டி எல்லாம் சுத்தமா இருக்கும் வக்கீலம்மா. அடிப்பெட்டியத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. வலையப் பாத்தா மடியில கண்ணிய அளக்கணும், வாய்ப்பக்கம் அளந்து என்ன புண்ணியம்?" என்றார். சொன்னதோடு நில்லாமல் மடியை, மீன் வந்து சேரும் வலையின் கடைசிப் பையை, விரித்துக் காட்டினார். வாய்ப்பக்கம் கை நுழைகிற கண்ணி, மடிக்கு வரும்போது விரல் நுழையவே திணறியது. அதற்குள் சிக்கி வந்த பொடி மீனெல்லாம் சங்காயமாக, கழிவு மீனாக, குவிந்து கிடந்தது.

மறுவாரமே அந்தப் பிரிவைப் புதிதாக எழுதினோம். அடித்தட்டு வரை சரக்கை இறக்கச் சொல்லும் அதிகாரம், இறக்கும் கூலி கப்பல் உரிமையாளர் பொறுப்பு, கண்ணியை அளக்க வேண்டிய இடம் மடி. அந்நாட்டு ஆய்வாளர்கள் வரி வரியாகப் படித்து, இரவில் வரும் கப்பலுக்கு என்ன செய்வது என்பதையும் சேர்க்கச் சொன்னார்கள்.

பெரிய வாக்குவாதம் தண்டனையில் வந்தது. பிடிபட்டவர்களைச் சிறையில் போடும் பிரிவு வேண்டும் என்று அதிகாரிகள் ஒரே பிடியாக நின்றார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அவர்கள் நாட்டு மீனவர்களின் சோறு அது. ஆனால் 1982 கடல்சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. 200 கடல் மைல் வரையிலான பொருளாதார மண்டலத்தில் நடக்கும் மீன்பிடிக் குற்றத்துக்கு, சம்பந்தப்பட்ட நாடுகள் தனியாக ஒப்புக்கொண்டாலொழிய, சிறைத் தண்டனை கூடாது. நியாயமான பிணை கட்டினால் கப்பலையும் ஆட்களையும் உடனே விட வேண்டும். மீன்பிடிக் கப்பல்களுக்கு டீசல் கொடுத்த சைகா என்ற டேங்கரை கினி பிடித்து வைத்தபோது, கடல்சட்டத் தீர்ப்பாயம் 1997இல் தன் முதல் தீர்ப்பிலேயே 4 லட்சம் டாலர் பிணையில் விடச் சொன்னது. பிணை கேட்கிறோம் என்று இஷ்டப்பட்ட நிபந்தனை எல்லாம் போட முடியாது. 2002இல் வோல்கா என்ற மீன்பிடிக் கப்பலின் வழக்கில், கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்ற ஆஸ்திரேலியாவின் நிபந்தனை செல்லவில்லை.

"ஈடு வாங்காம எவன் விடுவான்?" என்றார் அப்பச்சி, கூட்டத்தை அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர். கப்பலின் விலை, சரக்கின் விலை, குற்றத்தின் கடுமை, விதிக்கக்கூடிய அபராதம் இவற்றைப் பார்த்துப் பிணை கணக்கிடும் அட்டவணை ஒன்றைச் சேர்த்தோம். சிறையை முழுக்கக் கைவிடவும் இல்லை. துறைமுகம் அந்நாட்டின் உள்நீர். அங்கே முழு இறையாண்மை உண்டு. அங்கே பொய் ஆவணம் நீட்டுவதற்கும் ஆய்வாளர் மேல் கை வைப்பதற்கும் சிறை உண்டு என்று எழுதினோம். அதைப் படித்ததும் எதிர்ப்பக்கம் இறுக்கம் தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

சோதனை அறிக்கை கப்பலின் கொடி நாட்டுக்கும், அதாவது கப்பல் பதிவான நாட்டுக்கும், போக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஏழு சேர்ந்த மீன்வள ஆணையம் கேட்டதற்கு 2015இல் தீர்ப்பாயம் தந்த கருத்து இங்கே கைகொடுத்தது: தன் கொடியோடு போகும் கப்பல் திருட்டு மீன் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள உரிய முயற்சி எடுப்பது கொடி நாட்டின் கடமை.

சட்டம் நிறைவேறிவிட்டது. அபராதத்தில் ஒரு பங்கு ஆய்வாளர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்ற விதி மட்டும் நிதி அமைச்சகத்தில் இருக்கிறது. அதற்காக ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவை, வளரும் நாடுகளுக்கு உதவி தரச் சொல்லும் பிரிவை, காட்டி ஒரு குறிப்பு தயார் செய்துகொண்டிருக்கிறேன்.