அந்தக் கிண்ணம் யாருக்கு?

வடமேற்கு இங்கிலாந்தில் ஓவியக் கூடங்களுக்கு வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. இதில் பேசுவது பெரிய விஷயமில்லை, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதுதான் கஷ்டம். அதை எனக்குப் பழக்கியது ஓல்டம் கேலரிக்குச் சொந்தமான ஒரு படம்: ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸ் 1891-இல் வரைந்த, யுலிஸிஸுக்குக் கிண்ணம் நீட்டும் சர்சி.

பழைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் மாயக்காரி சர்சி, யுலிஸிஸ் அதன் நாயகன். தன் தீவில் இறங்கிய அவனுடைய மாலுமிகளுக்கு மருந்து கலந்து கொடுத்து, கோலால் தட்டிப் பன்றிகளாக்கிவிடுகிறவள். படத்தில் சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஒரு கையில் கிண்ணத்தையும் மறு கையில் கோலையும் உயர்த்திப் பிடித்திருக்கிறாள். உடல் தெரியும் மெல்லிய ஆடை. முகம் நிமிர்ந்திருக்கிறது, பார்வை மட்டும் கீழே வருகிறது. இருக்கையின் கைப்பிடிகளில் சிங்கங்கள் வாயைப் பிளக்கின்றன. காலடியில் ஒரு பன்றி சுகமாகப் படுத்துக் கிடக்கிறது. ஆனால் மாலுமிகளின் உருவம்தான் மாறியது, அவர்களுடைய மனம் பழையபடி மனித மனமாகவே இருந்தது என்கிறார் ஹோமர். இதைச் சொன்னதும் பன்றியை நோக்கிக் குனியாதவர்களை நான் பார்த்ததில்லை.

இந்தப் படத்துக்குத் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது. மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தந்த சட்டம் 1882-இல் வந்தது. வாக்குரிமைக் குரலும் கேட்கத் தொடங்கியிருந்தது. மிரண்டுபோன ஆண்கள் ஆளைக் கவிழ்க்கும் அழகிகளாக வரைந்து தள்ளினார்கள் என்பது. பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன மறுகணம் கூட்டம் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடும். விடை கிடைத்த பிறகு எதற்காகப் பார்க்க வேண்டும்?

அதனால் நான் எதுவும் சொல்லாமல் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் யாராவது அவளுக்குப் பின்னாலிருக்கும் பெரிய வட்டக் கண்ணாடியைக் கவனிப்பார்கள். அதில் ஒரு கப்பல் தெரிகிறது, தயங்கி நிற்கும் ஓர் ஆள் தெரிகிறான். அவன்தான் யுலிஸிஸ். ஆனால் கண்ணாடிக்கு வெளியே அவன் எங்கே? நாம் நிற்கிற இடத்தில். கிண்ணம் நம்மிடம்தான் நீள்கிறது. இது புரிந்ததும் சிலர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் வைப்பார்கள். அப்போதுதான் அவள் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் உறைக்கும்.

ஓல்டம் ஒரு காலத்தில் பஞ்சாலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா ஒருமுறை குழுவோடு வந்திருந்தார். ஹோமரின் கதையில் மாலுமிகள் வாசலுக்கு வரும்போது சர்சி பாடிக்கொண்டே தறியில் நெய்துகொண்டிருப்பாள் என்றேன். "அப்போ தறி எங்கே?" என்றார் சட்டென்று. நியாயமான கேள்வி. வாட்டர்ஹவுஸ் தறியை விட்டுவிட்டார். வீட்டைச் சுற்றித் திரிந்த உயிருள்ள சிங்கங்களைக்கூட இருக்கையில் செதுக்கிவிட்டார். வேலை செய்கிற பெண் போய், வீற்றிருக்கிற பெண் மிஞ்சினாள். எத்தனை விளக்கக் கட்டுரைகள் படித்தாலும் இவ்வளவு சுருக்கமாகப் பிடிபட்டிருக்காது.

என் சொந்தக் கருத்து வேறு. கிரேக்கக் கடவுள் ஹெர்மிஸ் கொடுத்த மோலி என்னும் மூலிகை யுலிஸிஸிடம் இருக்கிறது. அந்தப் பானம் அவனை ஒன்றும் செய்யப்போவதில்லை. அடுத்த நிமிடம் அவன் வாளை உருவுவான், அவள் பணிந்துபோவாள். ஆகவே இது அவள் ஜெயிக்கும் படமில்லை, தோற்பதற்குச் சற்று முந்திய படம். அந்த முகத்தின் மிதப்பை இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கும். பிறகு அவள் மாலுமிகளை மறுபடி மனிதர்களாக்கி, ஒரு வருடம் விருந்து வைத்து, போகும் வழியும் சொல்லி அனுப்பினாள் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

"எப்படியும் கெட்டவள்தானே?" என்று விடாமல் கேட்பவர்களுக்கு, டேப்லெட்டில் அவளுடைய இன்னொரு படத்தைக் காட்டுவேன். அதே ஓவியர் மறுவருடமே வரைந்தது, இப்போது அடிலெய்டில் இருக்கிறது. பொறாமையில், தான் விரும்பியவன் நேசித்த ஸில்லா என்னும் பெண் குளிக்கும் நீரில் பச்சை விஷத்தை ஊற்றுகிறாள். அங்கே கண்ணாடி இல்லை, நாம் நிற்க இடமும் இல்லை. பாத்திரம் யாரிடமும் நீளவில்லை, கவிழ்கிறது. கெட்டவள் வேண்டுமென்றால் அங்கே இருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்னவோ அந்தப் படம்தான் பிடிக்கிறது, அந்தப் பச்சைக்காகவே.