வீட்டுப் பர்பன்: மரத்தைக் குறை, நாளைக் கூட்டு

பர்பன் (அமெரிக்க மக்காச்சோள விஸ்கி) மாதிரியான விஸ்கியை வீட்டில் ஓக் மரத்தோடு ஊறப்போட்டு முதிர வைப்பவர்களின் சரக்கு கெட்டுப்போவது மரம் போதாமல் அல்ல, மரம் அளவுக்கு மிஞ்சியதால். மூன்றே வாரத்தில் தேன் நிறம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். மரத்திலிருந்து நிறம் சில நாளில் இறங்கும், ருசி சில வாரத்தில் இறங்கும். ஆனால் சரக்கின் காட்டம் அடங்குவதற்குக் காற்றோடு மெல்ல நடக்கும் வேதிமாற்றம் வேண்டும். அதற்கு மாதக்கணக்கு, நல்லதென்றால் வருடக்கணக்கு ஆகும். இந்த இரண்டு கடிகாரத்தையும் ஒன்றாக ஓட வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் மொத்த வித்தையும்.

முதலில் சட்டம். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் வடிக்கலாம், விற்கக்கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வீட்டில் பீரும் ஒயினும் செய்ய விடுகிறது, உரிமமில்லாமல் வடிப்பதைக் குற்றம் என்கிறது. அதனால் அங்கே பலர் கடையில் விற்கும் முதிராத வெள்ளை விஸ்கியை வாங்கி வீட்டில் மரத்தில் போடுகிறார்கள். கீழே வருவதெல்லாம் அதற்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அங்கே வீட்டில் வடித்தால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை, வழக்கு.

பர்பன் என்ற பெயருக்கு அமெரிக்க விதிகள் தெளிவானவை. அமெரிக்காவில் தயாராக வேண்டும். தானியத்தில் குறைந்தது 51% மக்காச்சோளம். வடியும்போது ஆல்கஹால் 80%ஐத் தாண்டக்கூடாது. உள்ளே கருக்கிய புது ஓக் கலனில் 62.5%க்கு மிகாமல் நிரப்ப வேண்டும். பாட்டிலில் 40%க்குக் குறையக்கூடாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கவே கூடாது. வயதுக்கு மட்டும் கீழ் வரம்பு இல்லை. ‘ஸ்ட்ரெய்ட் பர்பன்’ என்று போட வேண்டுமானால்தான் 2 ஆண்டு. ஆகவே நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக் கராஜில் முதிர்வது எவ்வளவு நன்றாக வந்தாலும் பர்பன் பாணி விஸ்கிதான். வீட்டில் குடிக்க அது ஒரு குறையில்லை.

மரத்துக்குப் போகும் வெள்ளைச் சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும். வடிப்பின் தலைப்பகுதியில் வரும் நெயில் பாலிஷ் வாடையை எந்த ஓக்கும் தின்று தீர்க்காது. கடைசிப் பகுதியின் ஈர அட்டைப்பெட்டி வாடை ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. பச்சையோ நீலமோ லேசாகத் தெரிந்தால் செம்பு கரைந்து வந்திருக்கிறது, அதை முதிர வைக்கவே வேண்டாம். சந்தேகமான சரக்கை ‘பீப்பாய் பார்த்துக்கொள்ளும்’ என்று ஊற்றுவது மூன்று மாதத்தையும் ஒரு பீப்பாயையும் வீணாக்கும் வழி.

இனி பீப்பாய். பர்பனுக்குப் பேர்போன அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வழக்கமான பீப்பாய் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். வீட்டுக்கு வாங்குவது 5 லிட்டர். கொள்ளளவு 40 மடங்கு குறையும்போது, ஒரு லிட்டர் சரக்கைத் தொடும் மரப்பரப்பு ஏறக்குறைய 3.4 மடங்கு கூடிவிடுகிறது. சின்னப் பீப்பாயில் ‘சீக்கிரம் முதிரும்’ என்று விளம்பரம் சொல்வது இதைத்தான். மரச்சாறு சீக்கிரம் இறங்கும் என்பது உண்மை. முதிர்ச்சி சீக்கிரம் வரும் என்பது உண்மையில்லை. 5 லிட்டர் புதுப் பீப்பாயில் முதல் தடவை இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் விட்டால் மரம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆவியாகும் இழப்பும் அதிகம். கென்டக்கி கிடங்கில் ஆண்டுக்கு 3 முதல் 5% என்றால், இந்தச் சின்னதில் 10%ஐத் தாண்டுவது சாதாரணம். கையில் காசு இருந்தால் 20 லிட்டர் வாங்குங்கள். இல்லாவிட்டால் பீப்பாய் ஆசையை விட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடிக்குப் போவதே புத்திசாலித்தனம்.

பீப்பாய்தான் வேண்டும் என்றால், சரக்கை ஊற்றுவதற்கு முன் சுடுதண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று நாள் ஊற விட வேண்டும். காய்ந்த பலகைகள் உப்பி இடைவெளி மூடும். முதல் நாள் ஒழுகுவது இயல்பு. மூன்றாம் நாளும் மூடிப்பலகை பள்ளத்தில் பொருந்தும் விளிம்பில் கசிந்தால், பீப்பாய்க்கென்று விற்கும் மெழுகைத் தடவலாம். பசை, எம்-சீல் வகையறா கூடவே கூடாது. ஆல்கஹால் அதைக் கரைத்து உள்ளே கொண்டுவரும். கரித்தூள் போகும்வரை அலசி, தண்ணீரை வடித்த உடனே சரக்கை ஊற்றிவிட வேண்டும். ஈரமான வெற்றுப் பீப்பாயைச் சும்மா போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஜாடி முறையில் கட்டுப்பாடு முழுதும் உங்கள் கையில். 2 செ.மீ. கனமும் அகலமும், 12 செ.மீ. நீளமும் உள்ள ஓக் குச்சி ஒன்றுக்குச் சுமார் 100 சதுர செ.மீ. பரப்பு வரும். பெரிய பீப்பாயில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மரப்பரப்பும் கிட்டத்தட்ட இதேதான். எனவே லிட்டருக்கு ஒரு குச்சி, அதற்கு மேல் வேண்டாம். ஓக் சீவல்களை மறந்துவிடுங்கள். மெல்லிய சீவலில் முழுக் கனத்தின் சாறும் ஒரு வாரத்தில் இறங்கி துவர்ப்பு முன்னால் வரும்.

மரம் அமெரிக்க வெள்ளை ஓக்காக இருக்கட்டும், வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. மரத்தில் கசப்பு தரும் டானின் என்ற கடுமையான பொருளை மழை கழுவிவிடும். சூளையில் அவசரமாக உலர்த்திய தச்சுப் பலகையில் அந்தக் கசப்பு அப்படியே இருக்கும். வார்னிஷ் பூசிய, மருந்தேற்றிய, பழைய நாற்காலியிலிருந்து அறுத்த மரம் எதுவும் வேண்டாம். குச்சிகளை அலுமினியத் தாளில் சுற்றி ஓவனில் 200 டிகிரியில் 2 மணி நேரம் வாட்ட வேண்டும். இந்த வாட்டலில்தான் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலா மணம் தரும் வெனிலின் வருகிறது, ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாகி காரமல் மணம் வருகிறது. பிறகு கேஸ் டார்ச்சால் ஒரே ஒரு பக்கத்தைக் கருக்க வேண்டும். மேற்பரப்பு கட்டம் கட்டமாக வெடித்து முதலைத் தோல் மாதிரி தெரியும்வரை காட்டி, உடனே தண்ணீரில் முக்கி அணைக்க வேண்டும். கரி கந்தக வாடைகளை உறிஞ்சும் வேலை செய்கிறது. இனிப்பு மணங்கள் வருவது கரிக்கு அடியில் வாட்டலான படலத்திலிருந்து. வாட்டாமல் நேரே டார்ச்சைக் காட்டுபவர்களுக்குச் சாம்பல் ருசிதான் மிச்சம்.

ஜாடியில் போகும் சரக்கு 55 முதல் 60%. முக்கால் பங்கு நிரப்பி, மேலே காற்றுக்கு இடம் விட வேண்டும். மூடி பிளாஸ்டிக்கோ ரப்பரோ வேண்டாம். கண்ணாடி அல்லது நல்ல கார்க். வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற விட்டு மூடினால் போதும், பீப்பாய் மூச்சு விடுவதற்கு இது ஈடு. பகலில் வெப்பமும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறி வரும் இடம் நல்லது, ஏனென்றால் சரக்கு விரிந்து மரத்துக்குள் போய், சுருங்கி வெளியே வரும். அதற்காக மூடிய ஜாடியை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவது, மைக்ரோவேவில் காட்டுவது போன்ற குறுக்குவழிகள் வேண்டாம். 60% ஆல்கஹால் 22 டிகிரி வாக்கிலேயே தீப்பற்றும் ஆவியை விடுகிறது. அடுப்போ, எப்போதும் எரியும் பைலட் சுடரோ உள்ள அறையில் ஜாடியைத் திறக்கவே கூடாது.

ருசி பார்ப்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 60%இல் நாக்கு மரத்துப்போகும், எதுவும் தெரியாது. 20 மில்லி எடுத்து 10 மில்லி தண்ணீர் விட்டால் 40% ஆகும், அதில் பாருங்கள். வெனிலா, தேங்காய், பழுப்புச் சர்க்கரை என்று மூக்கில் வந்து, நாக்கின் ஓரத்தில் கொட்டைப்பாக்கு மென்றது போன்ற துவர்ப்பு தொடங்கும் அந்தக் கட்டம்தான் குச்சியை எடுக்க வேண்டிய நேரம். பெரும்பாலும் ஆறு முதல் பத்து வாரத்தில் வரும். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். குச்சியை எடுத்துவிட்டு, அதே ஜாடியில் மரமில்லாமல் இன்னும் ஆறு மாதம் விடுங்கள். காற்று தன் வேலையைச் செய்யும். கூர்மையான காட்டம் மங்கி, பழ மணமுள்ள எஸ்டர்கள் மேலே வரும். பீப்பாய்க்காரர்களும் மூன்றாம் மாதத்தில் ஜாடிக்கு மாற்றி இப்படியே செய்யலாம்.

மரம் மிஞ்சிப் போனால் அதை வடிகட்டி நீக்க வழியில்லை. முட்டை வெள்ளைக்கரு வைத்தியம் ஒயினுக்கு உரியது. முதிராத வெள்ளைச் சரக்கையோ, பழைய குச்சியில் போட்ட மென்மையான சரக்கையோ கலந்து தணிக்கலாம், அவ்வளவுதான். இதற்காகவே ஒரு லிட்டர் வெள்ளைச் சரக்கை எப்போதும் ஒதுக்கி வைப்பது நல்லது.

தண்ணீர் கலப்பதில் கணக்கு ஒன்று பிசகும். 60% சரக்கு 5 லிட்டரை 45%க்குக் கொண்டுவர, எளிய கணக்குப்படி 6.67 லிட்டர் வர வேண்டும், ஆகவே 1.67 லிட்டர் தண்ணீர் என்று தோன்றும். ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்தால் கொஞ்சம் சுருங்கும், எனவே உண்மையில் சுமார் 1.72 லிட்டர் பிடிக்கும். முதலில் ஒன்றரை லிட்டர் சேர்த்து, ஒரு நாள் விட்டு அளந்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவோ ஆர்.ஓ.வாகவோ இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் கால்சியம் பல வாரம் கழித்து பாட்டில் அடியில் வெள்ளைப் படிவாக இறங்கும்.

ஆல்கஹால் வலுவை அளக்கும் ஹைட்ரோமீட்டர் எந்த வெப்பத்துக்கு அளவிடப்பட்டது என்று அதன் கழுத்திலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 20 டிகிரி. அமெரிக்க அளவுகோல் என்றால் 15.56. ஒவ்வொரு டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் அளவு ஏறக்குறைய 0.4% கூடுதலாகக் காட்டும். 30 டிகிரி அறையில் 44% என்று காட்டுவது உண்மையில் 40தான்! சரக்கைக் குளிரவைத்து அளப்பதே சுலபம்.

46%க்குக் கீழே போனால், குளிரில் வைக்கும்போது புகைமூட்டம் மாதிரி கலங்கும். தானிய எண்ணெயும் கொழுப்பு அமில எஸ்டர்களும் பிரிந்து நிற்பது அது. கெடுதல் எதுவுமில்லை. தொழிற்சாலைகள் இதைக் குளிரவைத்து வடிகட்டி நீக்குகின்றன, அதோடு வாய் நிறையும் தன்மையும் கொஞ்சம் போகிறது. வீட்டுச் சரக்கை 46 முதல் 50%இல் நிறுத்திவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. கரித்தூளை மட்டும் நீக்கக் காபி வடிதாள் போதும். முதலில் சுடுதண்ணீர் விட்டு அலசினால் காகித வாடை வராது. வேகம் குறையும், பிழியாதீர்கள்.

பாட்டிலைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை, இந்த வலுவில் கிருமி பிழைக்காது. சோப்பு வாடை இல்லாமல் அலசி, கவிழ்த்துக் காய விட்டால் போதும். கழுத்தில் 3 செ.மீ. இடம் விடுங்கள், வெயிலில் சரக்கு விரியும். கார்க் போட்ட பாட்டிலை ஒயின் மாதிரி படுக்க வைக்கக்கூடாது. வலுவான ஆல்கஹால் கார்க்கைத் தின்று உதிர்க்கும். மதுவை ஊற்றிப் பரிமாறும் ஈயக் கண்ணாடிக் குடுவை (டிகேண்டர்) மேசையில் ஒரு மாலைக்கு அழகு, மாதக்கணக்கில் சேமிக்க ஆகாது. லேபிளில் தேதி, நிரப்பிய வலு, குச்சி இருந்த வாரம், எடுத்த பிறகு கிடந்த மாதம் இந்த நான்கும் இருந்தால் அடுத்த முறை உதவும்.

எடுத்த குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபடி லேசாக வாட்டினால் இன்னொரு சுற்றுக்கு ஆகும், இந்த முறை நான்கைந்து மாதம் பயமில்லாமல் விடலாம். ரம் போட்டால் இன்னும் நன்றாக வரும்.