யூஎஸ்பி டாக்கும் கச்சான் காற்றும்

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில். மாடி அறையில்தான் கணினி. மதர்போர்டிலேயே இருக்கும் ஆடியோ அவுட்டில் பாட்டு போட்டால், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு கீச்சலும் கூடவே வரும். அதிலிருந்து தப்பிக்கத்தான் வெளியே வைக்கிற யூஎஸ்பி டாக் (DAC) ஒன்றை வாங்கினேன். கணினி தரும் எண்களை ஒலியாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி. ஆம்ப்ளிஃபயர், அப்பா கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டிய காலத்தது. இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது.

கொஞ்ச நாள் சுகமாகப் போனது. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. இணையத்தில் தேடினால் எல்லாவற்றுக்கும் 'டிரைவரை (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்' என்பதே பதில். எனக்கு உதவியது வேறு. எந்த மாதிரிச் சத்தம் என்று முதலில் காது கொடுத்துக் கேட்டேன். பாட்டு அறுந்து டாக்கே காணாமல் போவது ஒரு வகை. பாட்டுக்கு நடுவே 'டிக், டிக்' என்று சொடுக்குவது இன்னொன்று. பாட்டே ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று உறுமுவது வேறொன்று. மூன்றும் என் வீட்டில் இருந்தன, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

டிரைவர் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பெட்டியோடு ஒரு டிரைவர் சிடி வந்தது. சிடி போட என் கணினியில் இடமே கிடையாது. தேவையும் படவில்லை. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே யூஎஸ்பி ஆடியோ 2.0 டாக்குகளுக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7-ஐ இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள்தான் தயாரிப்பாளரின் டிரைவரைத் தேட வேண்டும்.

அறுந்து போகும் தொல்லைக்கு வருகிறேன். கணினியில் மாட்டிய கருவிகளைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளை லேசாக அசைத்தேன். அசைக்க அசைக்க டாக்கின் பெயர் மறைந்து மறைந்து வந்தது. கை பட்டால் போகிறது என்றால் மென்பொருளை நோண்டி என்ன பயன்? செல்போன் டார்ச்சை அடித்து, கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி ஓட்டைக்குள் பார்த்தேன். உள்ளே நான்கு சிறு பட்டைகள். நடுவில் உள்ள இரண்டும் தரவுக்கானவை, அவை ஓரளவு பளிச்சென்றுதான் இருந்தன. ஓரத்தில் உள்ள 5 வோல்ட் பட்டையில் மட்டும் பச்சைக் களிம்பு பொரிந்து நின்றது. உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாசிட்டிவ் பக்கத்து உலோகம்தான் முதலில் அரிக்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் மேற்கு ஜன்னல் கம்பியைத் தடவினாலே கை பிசுபிசுக்கும். கணினி மேசை அந்த ஜன்னலுக்கு நேர் கீழே.

கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷால் தேய்த்தேன். முன்பக்க ஓட்டை தேறவில்லை. பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் ஓட்டைக்கு மாற்றினேன். அங்கே மதர்போர்டு வரை ஓடும் ஒல்லி வயர் எதுவும் இடையில் இல்லை. நடுவே போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் கேபிளையும் தூக்கிப் போட்டேன். ஒவ்வொரு இணைப்பும் களிம்பு பிடிக்க இன்னொரு இடம்தானே. கூடவே பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்தேன். சும்மா இருக்கும் கருவியைத் தூங்க வைக்கும் வசதி அது. நிறுத்தி வைத்த பாட்டைத் தொடரும்போது முதல் சொல் விழுங்கப்படுவது அதோடு நின்றது.

'டிக், டிக்' அவ்வளவு கஷ்டமில்லை. பென்டிரைவுக்குப் போகும் தரவு வழியில் கெட்டால் கணினி மறுபடி அனுப்பும். ஆடியோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நேரத்துக்கு வராத துண்டு போனது போனதுதான். அந்த இடைவெளிதான் காதில் சொடுக்காக விழுகிறது. லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓட விட்டால் எந்த டிரைவர் வழியை மறிக்கிறது என்று காட்டிவிடும். என் கணினியில் அது வைஃபை டிரைவர். அதைப் புதுப்பித்ததும் சொடுக்கு போய்விட்டது.

உறுமல்தான் ஆளை அலைக்கழித்தது. டாக்கை மகளுடைய மடிக்கணினியில், சார்ஜரைக் கழற்றிவிட்டு மாட்டினேன். அதே ஆம்ப்ளிஃபயர், அதே கேபிள், ஆனால் உறுமல் இல்லை. ஆக டாக் மேல் பழி இல்லை. மறுபடி கணினியில் மாட்டி, கேபினெட்டின் பெயின்ட் படாத ஓரத்தில் புறங்கையை வைத்தால் சுருக்கென்று ஒரு கூச்சம். டெஸ்டரை வைத்தால் லேசாக எரிந்தது.

நண்பர் ஒருவர், "மாப்ள, எர்த் பின்ன உடைச்சு விட்ரு, ஹம் போயிரும்" என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சத்தம் போனாலும் போகும், கூடவே ஷாக்கிலிருந்து காக்கிற ஒரே கம்பியும் போகும். இன்னொருவர் யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கச் சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல் தரவை மட்டும் கடத்துகிற கருவி அது. நல்ல யோசனைதான், ஆனால் விவரத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏடியுஎம்4160 சிப்பில் ஓடுபவை, அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 480 மெகாபிட்டை எதிர்பார்க்கும் டாக்குகள் அதில் சரியாக ஓடும் என்று சொல்ல முடியாது. என் டாக் அந்த வகை என்பதால் விட்டுவிட்டேன்.

கடைசியில் எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். கணினி பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். எரியவில்லை. எதிர்ச் சுவரில் ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருந்த பிளக்கில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு, கணினி பிளக் இருந்த சுவர்ப் பெட்டியைக் கழற்றியதும், "அண்ணே, இங்க எர்த்தே இல்ல. கம்பி சும்மா நிக்குது" என்றார். எட்டிப் பார்த்தேன். பச்சை வயரின் நுனி பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது, திருகாணி துருவில் உருண்டு போயிருந்தது.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில், குறுக்கீட்டை வடிகட்டுவதற்காக மின்கம்பிகளிலிருந்து அதன் உலோக உடம்புக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அதன் வழியே கசியும் துளி மின்சாரம் எர்த்தில் இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி அளவுக்குக் கேபினெட் மிதக்கும். அந்தக் கசிவு யூஎஸ்பி கேபிள், டாக், ஆடியோ கேபிளின் வெளிவலை என்று ஏறி, ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைத் தேடிப் போகிறது. போகிற வழியில் உறுமுகிறது.

புது வயர், புது சாக்கெட். கூச்சம் போனது, உறுமல் பெரும்பாலும் அடங்கியது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மட்டும் மெல்லிய 'ம்ம்' மிச்சமிருந்தது. இரண்டு சுவர்களின் எர்த்துக்கும் நடுவே சுற்று உண்டாவதுதான் அதற்குக் காரணம். கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியதும் அதுவும் தீர்ந்தது.

வந்ததுதான் வந்தீர்கள், கீழே வாஷிங் மெஷின் பிளக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் தம்பி என்றேன். அங்கேயும் லேம்ப் எரியவில்லை. அன்றைக்கே அதையும் மாற்றியாயிற்று.