மீ இஷ்டம்

"பட்டேயமண்டாரா சார்?"

இறாலைப் பிடித்துவிடச் சொல்றீங்களா என்று அர்த்தம். பிடிக்கலாமா என்று கேட்டிருந்தால் அது வேறு. தெலுங்கில் இந்த 'மண்டாரா' இருக்கிறதே, முடிவைத் தூக்கி நம் கையில் வைத்துவிடும். நான் சொன்ன பதில், "மீ இஷ்டம் பாபாய்." நம்ம ஊர் 'உங்க இஷ்டம்' தான், பொருளிலும் தொனியிலும்.

ஆந்திராவில், நாகாயலங்கா மண்டலத்தில் ஒரு இறால் தீவன கம்பெனிக்கு டெக்னீஷியனாக இருந்தேன். மண்டலம் என்றால் நம்ம கணக்கில் தாலுகாவை விடச் சின்னது. கிருஷ்ணா இரண்டாகப் பிரிந்து கடலில் விழும் திவிசீமாவின் கடைசி முனை. வேதாரண்யம் பக்கத்துக்காரனான எனக்கு அந்த உப்புக் காற்று புதிதில்லை. புதிது என்றால், என்னைவிட இருபது வயது மூத்தவர் 'சார்' என்று கூப்பிடுவதும், அவரை நான் 'பாபாய்', அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவதும்தான்.

அவருக்கு மூன்று ஏக்கர் செருவு, அதாவது இறால் குளம். வனாமி வகை இறால். எண்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. 60 கவுண்ட், அதாவது கிலோவுக்கு அறுபது இறால்; கவுண்ட் குறையக் குறைய இறால் பெரிசு. கணக்குப்படி ஆறு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. திங்கட்கிழமை காலை, கயிற்றைப் பிடித்து, இறால் தீனி தின்றதா என்று பார்க்கும் செக் ட்ரேயைத் தூக்கினார். தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் ஆனால் ட்ரே காலியாக இருக்க வேண்டும். நூல் நூலாகக் கழிவு மட்டும் கிடக்கும். அன்றைக்கு ஒரு கைப்பிடி தீவனம் ஊறிக் கிடந்தது. இறாலை எடுத்து அழுத்திப் பார்த்தேன். ஓடு லேசாக அமுங்கியது. குடல் கோடு நிறைந்திருந்தது. வியாழக்கிழமை அமாவாசை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் ஓடு கழற்றும். அதற்கு முன் தீனி குறைக்கும். அந்த நேரத்தில் பிடித்தால் ஓடு மெத்தென்று இருக்கும், வியாபாரி விலையைக் குறைப்பான். எந்த டெக்னீஷியனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வெள்ளைப்புள்ளி நோய்க்கும் முதல் அறிகுறி தீனி குறைவதுதான் என்பதையும் எந்த டெக்னீஷியனும் சொல்வான். ட்ரேயில் கிடந்த அந்த ஒரு கைப்பிடி இரண்டில் எது என்று பார்த்தால் தெரியாது.

நோய்க் கிருமி இருக்கிறதா என்று லேபில் பார்க்கும் பி.சி.ஆர். சோதனைக்கு நாலு இறாலை அனுப்பியிருக்கலாம். மறுநாள் சாயங்காலம் தெரிந்திருக்கும். அவர் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. பி.சி.ஆர். கேட்கத் தெரிந்திருந்தால் அவருக்கு நான் எதற்கு?

'மீ இஷ்டம்' மட்டும்தான் சொன்னேன் என்று மேலே எழுதிவிட்டேன். முழுசாக அப்படி இல்லை. அதற்கு முன்னால், "அமாவாசை கழியட்டும், ஓடு இறுகட்டும், பத்து நாள் விட்டால் 50 கவுண்டுக்கு வந்துடும்" என்றும் சொன்னேன். அப்புறம்தான் மீ இஷ்டம். இப்படிச் சொன்ன பிறகு அதில் அவர் இஷ்டம் என்ன மிச்சம் இருக்கிறது?

தீவன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செருவுக்கு ஒரு நாளைக்கு ஆறேழு மூட்டை. பத்து நாள் என்றால் அறுபதுக்கு மேல். மாதக் கடைசி, டார்கெட் பாக்கி இருந்தது. அந்தக் காலையில் இது என் மனதில் இருந்ததா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சாயங்காலம் ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு நேரே 60 மூட்டை என்று போட்டேன். யோசிக்காமல் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காக்கைகள் இறங்கின. கரையோரமாக இறால் சிவந்து சோர்ந்து சுற்றியது. சனிக்கிழமை இரவு ஜெனரேட்டர் வெளிச்சத்தில் பட்டுபடி, அதாவது அறுவடை. மூன்றரை டன்தான் தேறியது. அதற்கும் கிலோவுக்கு 60 ரூபாய் குறைத்துத்தான் எடுத்தார்கள். தீவனக் கடன் அப்படியே நின்றது. பாபாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பர்லேது சார்" என்றார், பரவாயில்லை என்று. 1977 நவம்பரில் உப்பெனா, அந்தக் கடல் பொங்கி வந்த புயல், அடித்தபோது இரண்டாம் கிளாஸ் படித்தவர். அவர் வீட்டில் பாதிப் பேர் அதில் போனார்கள். அவர் பர்லேது என்றால் அதை எதை வைத்து அளப்பது?

என்னைத் தூங்கவிடாதது இது எதுவும் இல்லை. அன்று காலை அவர் இன்னொன்றும் சொன்னார்: "பக்கத்துச் செருவில் ராத்திரி லைட் எரிந்தது." ராத்திரியோடு ராத்திரியாகச் சும்மா பிடிப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் நோய் என்றால்தான் அப்படி. அந்தத் தண்ணீரும் எல்லாருக்கும் பொதுவான வடிகாலில்தான் போகும். ஆனால் இதை அவர் கேள்விக்கு முன்னால் சொன்னாரா, நான் பதில் சொல்லி பைக்கை உதைக்கும்போது சொன்னாரா? முன்னால் என்றால் அவர் கேட்டது கவுண்ட் கணக்கே இல்லை. நோயைத்தான் கேட்டிருக்கிறார். நான் அமாவாசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் என்றால்... பின்னால் என்றாலும் பைக்கை நிறுத்தியிருக்கலாம்.

அதற்கப்புறம் மண்டாரா என்று யார் கேட்டாலும் "பட்டேயண்டி", பிடித்துவிடுங்கள், என்று சொல்ல ஆரம்பித்தேன். கோடூர் பக்கம் ஒருவர் அப்படித்தான் 70 கவுண்டில் பிடித்தார். அடுத்த கரையில் அவர் மச்சான் பதினைந்து நாள் பொறுத்து 50 கவுண்டில் பிடித்தான், ஒரு நோயும் வரவில்லை. எவ்வளவு நஷ்டம் என்று போனில் கணக்குப் போட்டு என்னிடம் நீட்டினார். ஒன்றும் பேச முடியவில்லை.

போன மாதம் பாபாய் போன் செய்தார். இப்போது வேறு கம்பெனி தீவனம் போடுகிறார், நானும் வேலை மாறி நெல்லூர் வந்துவிட்டேன். விலை விழுந்ததைப் பற்றிப் பேசினோம், என் பையனை விசாரித்தார். வைக்கும் நேரத்தில் கேட்டே விட்டேன். "பாபாய், அன்னைக்கு லைட் எரிந்தது என்று சொன்னீங்களே, அது நான் பதில் சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா?"

கொஞ்ச நேரம் செருவுத் தண்ணீரில் காற்றுக் கலக்கும் ஏரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம் லைட்டு சார்?" என்றார். என்ன லைட்டு என்று.