திருவதிகையில் அக்காவுடன் ஒரு ஞாயிறு

"புல்லு வெட்டவா அவ்வளவு தூரம் போற?" என்று, உழவாரக் குழுவோடு கோயில்களைச் சுத்தம் செய்யப் போகும் என்னிடம் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, போன மாதம் தானாகவே பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு தூக்குவாளி நிறைய எலுமிச்சைச் சாதம்.

அப்பா இறந்தபோது நான் ஏழாம் வகுப்பு, அவளுக்குப் பத்தொன்பது வயது. பேசி முடித்திருந்த சம்பந்தம் அதோடு கைவிட்டுப் போனது. அப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு தையல் மெஷின், ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி. என் படிப்பு அதில்தான் ஓடியது. இப்போது தெருப் பெண்கள் நாலு பேருக்குக் காசு வாங்காமல் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். அதைச் சேவை என்று சொன்னால் சிரிப்பாள்.

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் போகும் பண்ருட்டி பஸ்ஸில் ஏறினோம். பண்ருட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே திருவதிகை. சிவன் முப்புரம் எரித்த தலம், அவருடைய வீரச்செயல்களுக்கான எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. பதினாறு பட்டை லிங்கமாக நிற்கும் வீரட்டானேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்கினோம்.

அப்பர் சிலையில் தோளோடு சாய்ந்திருக்குமே புல் செதுக்கும் கருவி, அதுதான் உழவாரம். எங்கள் குழுவிடம் இருப்பது களைக்கொத்து, மண்வெட்டி, பாண்டு, கிழிந்த சாக்கு. கோரையும் நெருஞ்சியும் பரவாயில்லை, செதுக்கினால் வந்துவிடும். மதில் இடுக்கில் பறவை எச்சத்திலிருந்து முளைக்கிற அரசங்கன்றுதான் வில்லங்கம். மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், வேர் உள்ளே இறங்கிக் கல்லையே நெம்பிவிடும். கைக்கு எட்டுவதை வேரோடு எடுப்போம். கோபுரத்தில் இருப்பதைத் தொடமாட்டோம், அது விவரம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது. இது தவிர கற்பூரக் கவர், எண்ணெய்ப் பாக்கெட் என்று இரண்டு சாக்கு. வேண்டுதலை மட்டும் சாமியிடம் விட்டுவிட்டுப் போனால் போதாதா?

பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் திலகவதியார் சன்னதிப் பக்கம் நிழலில் உட்கார்ந்தோம். "யாரு இந்தம்மா?" என்றாள் அக்கா.

சொன்னேன். அப்பருக்கு அக்கா. பெற்றோர் போய்விட்டார்கள், நிச்சயித்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் இறந்துவிட்டார். தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக அதைத் தள்ளிவைத்தார். அந்தத் தம்பியோ சமணம் சேர்ந்து பாடலிபுத்திரம் போய்விட்டார். அதாவது, நாங்கள் காலையில் பஸ் ஏறிய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூருக்கு.

"அதுவரைக்கும் இந்தம்மா என்ன பண்ணிச்சு?"

"விடியறதுக்கு முன்னாடி கோயிலைப் பெருக்கும், சாணத்தால மெழுகும், பூப்பறிச்சு மாலை கட்டும்."

சூலை என்னும் கொடிய வயிற்று வலியில் துடித்துக்கொண்டு தம்பி திரும்பி வந்த இரவையும் சொன்னேன். திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார் திலகவதியார். அப்போதும் அவர் கையில் துடைப்பமும் மெழுகுகிற சாணமும் தண்ணீர்த் தோண்டியும் இருந்ததாகச் சேக்கிழார் எழுதுகிறார். பெரியபுராணத்தில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நின்றுவிடுவேன். இத்தனை நாள் காத்திருந்த தம்பி வந்திருக்கிறான், அன்றைக்காவது அதைக் கீழே வைத்திருக்கலாமே என்று தோன்றும். அதை அக்காவிடமே கேட்டேன்.

"நல்லா கேட்ட போ. தம்பி வந்துட்டா கோயிலை யாரு பெருக்குறது?"

சொல்லிவிட்டுத் தூக்குவாளியைத் திறந்து எல்லோருக்கும் வாழையிலைத் துண்டில் சாதம் வைக்க ஆரம்பித்தாள். எனக்குக் கடைசியில்தான் வந்தது.

மாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் பை கனமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். லைனிங் துணியில் சுற்றி இரண்டு களைக்கொத்து.

"மொட்டையா கெடக்கு. கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கிறவரு செவ்வாக்கிழமை வருவாரு, இதையும் கொடுத்து வாங்கி வெக்கிறேன்."