சான்சலர் நாற்காலி: நியூயார்க் பள்ளிக் குறிப்பேடு

2010 நவம்பர் 9, செவ்வாய்

எட்டு வருஷம் சான்சலராக, அதாவது நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரியாக இருந்த ஜோயல் கிளைன் போகிறார். அவர் இடத்துக்கு மேயர் புளூம்பெர்க் அறிவித்த பெயர் கேத்தி பிளாக், ஹெர்ஸ்ட் பத்திரிகைக் குழுமத்தின் தலைவி. 11 லட்சம் பிள்ளைகள் படிக்கும் அமைப்பு இது. அவரோ வகுப்பெடுத்ததும் இல்லை, பள்ளி நிர்வாகம் பார்த்ததும் இல்லை. யாரையெல்லாம் பரிசீலித்தார்கள் என்பதும் தெரியவில்லை. 2002 சட்டம் பள்ளிகளை மேயர் கையில் கொடுத்ததிலிருந்து, சான்சலரை வைப்பதும் எடுப்பதும் அவர் பாடு.

நவம்பர் 23

மேயர் கையில் இல்லாத பூட்டு ஒன்றுதான். இந்தப் பதவிக்குக் கல்வி நிர்வாகச் சான்றிதழ் வேண்டும். இல்லாதவருக்கு மாநிலக் கல்வி ஆணையர் விலக்கு தரவேண்டும். கிளைனும் அப்படித்தான் உள்ளே வந்தார். ஆணையர் டேவிட் ஸ்டெய்னர் அமைத்த எட்டுப் பேர் குழு இன்று வாக்களித்தது: நான்கு பேர் வேண்டாம், இரண்டு பேர் சரி, இரண்டு பேர் ‘இப்போதைக்கு இல்லை’. குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். கையெழுத்து ஆணையருடையது.

நவம்பர் 29

கையெழுத்து விழுந்துவிட்டது. பள்ளிகளுக்குள்ளேயே வளர்ந்த ஷேல் பொலாகோ-சுரான்ஸ்கியைத் தலைமைக் கல்வி அதிகாரியாகப் பக்கத்தில் வைப்பதாக மேயர் ஒப்புக்கொண்டார், விலக்கு கிடைத்தது. உலை வைக்கத் தெரியாதவரைச் சமையலுக்கு அமர்த்தி, தெரிந்தவரை அருகில் நிறுத்தி வைப்பது மாதிரி.

டிசம்பர் 29

விலக்கை எதிர்த்துப் போட்ட வழக்கும் நிற்கவில்லை. இதில் ஆச்சரியமில்லை. நியமனம் நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்க்காது; ஆணையர் முடிவுக்கு ஏதாவது நியாயமான அடிப்படை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ‘தகுதியில்லாதவர்’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

2011 ஜனவரி 14

பிளாக் பதவியேற்று இரண்டு வாரம் ஆகவில்லை. கீழ் மன்ஹாட்டனில் பள்ளி இடநெருக்கடி பற்றிப் பேச வந்த பெற்றோரிடம், கொஞ்ச நாளைக்குக் கருத்தடை செய்துகொண்டால் என்ன என்கிற ரீதியில் ஒரு நகைச்சுவை. மழலையர் வகுப்பில் இடம் கிடைக்குமா என்று தவிக்கிறவர்களிடம்!

ஜனவரி 20

பள்ளிகளை மூடும் பட்டியல் வந்தாயிற்று. ஆத்திரத்தைக் காகிதத்தின் மேல் திருப்ப வேண்டிய நேரம் இது. 2009-ல் திருத்திய சட்டப்படி, பள்ளியை மூடுவதற்கு அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ‘கல்வித் தாக்க அறிக்கை’ வெளியாக வேண்டும். அது வெளியான 30 முதல் 45 நாளுக்குள் அந்தப் பள்ளியிலேயே பொது விசாரணை. அதற்குப் பிறகே கல்விக் கொள்கைக் குழுவின் வாக்கெடுப்பு.

போன வருஷம் 19 பள்ளி மூடல்கள் நீதிமன்றத்தில் ரத்தானது இந்த அறிக்கையால்தான். பிள்ளைகள் எங்கே போவார்கள், அந்தப் பள்ளியில் மட்டும் இருந்த சிறப்புப் பாடத்திட்டங்கள் என்னவாகும் என்று உருப்படியாக எழுதவில்லை. பள்ளிக்குப் பள்ளி ஒரே வாசகத்தை ஒட்டியிருந்தார்கள். ஆகவே ஒலிவாங்கி முன் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் ‘எங்கள் பள்ளி நல்ல பள்ளி’ என்று உருகுவதில் பயனில்லை. இந்தப் பக்கம், இந்தப் பத்தி, இதில் விட்டுப்போனது இது என்று பதிவாக வேண்டும். எழுதியும் கொடுக்க வேண்டும். பேசியது காற்றோடு போகும், கொடுத்த தாள் வழக்குக் கட்டில் சேரும்.

பிப்ரவரி 3

புரூக்லின் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி அரங்கம். செவ்வாய் இரவு பத்துப் பள்ளிகள், இன்று பன்னிரண்டு பள்ளிகள். மொத்தம் 22 பள்ளிகள் மூட முடிவு. கல்விக் கொள்கைக் குழுவில் வாக்குள்ளவர்கள் 13 பேர். எட்டுப் பேர் மேயர் நியமித்தவர்கள், ஐந்து பேர் நகரத்தின் ஐந்து பரோக்களின் (நிர்வாகப் பகுதிகளின்) தலைவர்களுடைய ஆட்கள். அரங்கம் நிறைந்தாலும் எட்டு எட்டுதான்.

கூட்டம் கூச்சலிட்டபோது மேடையிலிருந்து ‘ஓஓஓ’ என்று திருப்பிப் பழித்துக் காட்டினார் பிளாக். மணிக்கணக்கில் பேசிய பெற்றோரில் ஒருவர் வாதம்கூட தலைப்பில் வராது, இந்த இரண்டு வினாடிதான் வரும். நமக்கு அதில் லாபமா நஷ்டமா என்று சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 7

மேயர் கூப்பிட்டார், பிளாக் விலகினார். இந்த வாரக் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 17 சதவீதம். துணை அதிகாரிகளும் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். விலக்கோ வழக்கோ வாக்கோ அசைக்காத நாற்காலியை, மேயருக்குத் தன் பெயர் கெடுகிறதே என்ற கவலை அசைத்தது.

அடுத்தவர் துணை மேயர் டென்னிஸ் வால்காட். அவருக்கும் அதே விலக்கு வேண்டும். அந்த 22 பள்ளிகளின் பட்டியலில் ஒரு வரிகூட மாறவில்லை.